பொலிஸ் வானொலியின் சாவி யாரிடம்?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நிற்கும் பொலிஸ்காரரின் தோளில் ஒரு சிறு கருவி மாட்டியிருக்கும். சிலர் வோக்கி டோக்கி என்பார்கள், சிலர் வெறுமனே செட் என்பார்கள். சற்றைக்கொரு தடவை அது கரகரக்கும்: சிங்களத்தில் நாலைந்து சொல், ஒரு எண், ஒரு சந்தியின் பெயர், பிறகு அடங்கிவிடும். கொழும்புத் தமிழருக்கு அது பழகிய ஒலி. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு நின்றவர்கள், தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதும் இதே ஒலியைத்தான்.

உலகின் பல நகரங்களில் இந்தப் பேச்சு இப்போது வெளியாருக்குக் கேட்பதில்லை. பொலிஸாரும் வேறு அரச சேவைகளும் தங்கள் வானொலியை மறைகுறியாக்கத்துக்குள் கொண்டுபோகின்றன. அரசின் பேச்சைக் கேட்கும் உரிமை பறிபோகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கள்வனும் அல்லவா கேட்கிறான் என்று மறு சாரார் கேட்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தவர்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால், இவற்றைவிட அவசரமான கேள்வி ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். ஒரு சம்பவம் நடந்து முடிந்தபின், அன்று யார் யாருக்கு எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்ற பதிவு எங்கே இருக்கிறது? அதை யார் திறக்கலாம்? இதற்கு விடை தேட, முதலில் கருவியை விளங்கிக்கொள்ள வேண்டும்.

வானொலி அலை இயல்பிலேயே ஊருக்குப் பொதுவானது. ஒரு கம்பத்திலிருந்து புறப்படும் அலை யார் வீட்டுக் கூரையையும் கேட்டுக்கொண்டு தாண்டுவதில்லை. பழைய வி.எச்.எஃப். செட்டுகளில் குரல் அப்படியே அலையில் ஏறிப் போனது. அதே அலைவரிசைக்குத் திருப்பப்பட்ட இன்னொரு கருவி இருந்தால், அந்தப் பேச்சு முழுவதும் அதிலும் கேட்கும். அலைவரிசைகளைத் தானாகத் துழாவிப் பேச்சு இருக்கும் இடத்தில் நிற்கும் ஸ்கேனர் என்ற பெட்டியை மேலைநாடுகளில் செய்தியாளர்கள் மேசையிலேயே வைத்திருந்தார்கள். தீப்பிடித்த இடத்துக்குத் தீயணைப்பு வண்டியோடு நிருபரும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

டிஜிட்டல் வானொலியில் குரல் முதலில் எண்களாகிறது. எண்களானதை இரகசிய எண் ஒன்றோடு கலந்து குழப்பலாம். அந்த இரகசிய எண்தான் சாவி. அதே சாவி ஏற்றப்பட்ட செட் மட்டுமே குழப்பத்தை அவிழ்த்துக் குரலாக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். தபாலட்டையில் எழுதியதைத் தபால்காரர் முதல் பக்கத்து வீட்டார் வரை படிக்கலாம், ஒட்டிய உறையை அப்படிப் படிக்க முடியாது. பழைய செட்டுக்கும் புதிய செட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆனால் இங்கே உறையை ஒட்டுவதோடு காரியம் முடிவதில்லை. சாவியைத் தூரத்திலிருந்தே மாற்றலாம். தொலைந்த செட்டை வலையமைப்பிலிருந்து வெட்டலாம். எந்தப் பிரிவு எந்தப் பிரிவைக் கேட்கலாம் என்றும் நிர்ணயிக்கலாம். ஆகவே சாவியை வைத்திருப்பவரே யார் எதைக் கேட்பது என்பதையும் தீர்மானிக்கிறார்.

பூட்டுவதில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போவது சரியல்ல. பொலிஸ் வானொலியில் போவது கள்வனைத் துரத்தும் பேச்சு மட்டுமென்று நினைத்துவிடக் கூடாது. அடையாள அட்டை இலக்கமும் வீட்டு விலாசமும் அதில் வாய்விட்டு வாசிக்கப்படும். தாக்கப்பட்ட பெண்ணின் பெயரும் தற்கொலைக்கு முயன்ற பிள்ளையின் வயதும் அதில் போகும். கொழும்பில் பல காலம் விடுதிகளில் தங்கியவர்களின் பெயரும் சொந்த ஊரும் பொலிஸில் பதியப்பட்டன. அந்த விவரங்கள் எல்லோர் காதிலும் விழும் அலையில் போனால் ஆபத்து யாருக்கு வந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கலவரக் காலத்தில் ஒரு விலாசம் கசிவது உயிர்ப் பிரச்சினை. தனிமனிதரின் விவரங்கள் போகும் அலைவரிசை பூட்டப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

அதேநேரம், பூட்டை இரகசியமாகச் செய்தால் அது பலமாகிவிடும் என்ற நம்பிக்கை பிழையானது. ஐரோப்பாவில் பிறந்து உலகெங்கும் பொலிஸாரும் துறைமுகங்களும் பயன்படுத்தும் டெட்ரா என்ற வானொலி முறையின் மறைகுறியாக்கச் சூத்திரங்கள் பல்லாண்டுகளாக வெளியாருக்குக் காட்டப்படாமல் இருந்தன. மிட்நைட் புளூ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழுவினர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, 2023 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏற்றுமதிக்கென வகுக்கப்பட்ட சூத்திரம் ஒன்றில், 80 பிட் என்று சொல்லப்பட்ட சாவி உள்ளே 32 பிட்டாகக் குறுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சாதாரணக் கணினியே உடைக்கக்கூடிய அளவு அது. யாரும் சோதிக்க முடியாதபடி வைத்ததால், வாங்கிய நாடுகளே தாங்கள் ஏமாந்ததை அறியவில்லை.

அரச வானொலி எல்லாமே பூட்டப்படுவதும் இல்லை. கொட்டாஞ்சேனைக்குக் கீழே இருக்கும் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் 16ஆம் சனலில், 156.8 மெகாஹேர்ட்ஸில், திறந்த குரலில் பேசுகின்றன. விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசுவதும் அப்படியே. ஆபத்தில் இருப்பவரின் குரலை அருகில் இருக்கும் எவரும் கேட்க வேண்டும் என்பது கடலில் பழைய சட்டம். 2004 டிசம்பரில் சுனாமி அடித்துத் தெற்கின் தொலைபேசிகள் செயலிழந்தபோது, விக்டர் குணதிலக்க போன்ற இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் சிற்றலையில் செய்தி கடத்தினார்கள். மறைகுறி இல்லாமல் பேச வேண்டும் என்பது அந்தச் சேவையின் அடிப்படை விதிகளில் ஒன்று. எதைத் திறந்து வைப்பது, எதை மூடுவது என்பது அந்த அலைவரிசை எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இலங்கையில் பொலிஸ் வானொலியைக் கேட்பதற்கான கதவு மறைகுறியாக்கத்துக்கு முன்பே சட்டத்தால் சாத்தப்பட்டது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், பொதுவில் பெறுவதற்கென்று அனுப்பப்படாத தொடர்பை இடைமறித்து அதன் உள்ளடக்கத்தை அறிய முயல்வதைக் குற்றமாக்குகிறது. அதற்கும் முந்தியது 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம். ஆகவே அமெரிக்காவில் நடப்பதுபோல, நேற்றுவரை கேட்டது இன்று கேட்கவில்லையே என்ற முறைப்பாடு இங்கே எழுவதற்கில்லை. நமக்கு அது என்றுமே கேட்டதில்லை. கேட்காத பேச்சினால் வந்த விளைவுகளை மட்டும் நாம் அனுபவித்திருக்கிறோம்.

1977 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே மூண்ட மோதலைத் தொடர்ந்து, அங்கிருக்கும் நாகவிகாரைக்கு ஆபத்து என்ற பொருளில் உண்மைக்கு மாறான செய்தியொன்று பொலிஸ் வானொலியில் ஏறியது. விகாரை தாக்கப்பட்டது என்ற வதந்தி தெற்கே பரவிய அந்த நாட்களில் தமிழர் மீதான வன்முறை நாடெங்கும் பற்றியது. பின்னாளில் முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழு, 1980இல் வெளியான தன் அறிக்கையில் அந்த வானொலிச் செய்தியையும் ஆராய்ந்தது. பூட்டிய வலையமைப்புக்குள் பொய் ஓடினால் அதை வெளியிலிருந்து மறுக்க ஆளில்லை. விகாரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லக்கூடிய யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கும் அப்படியொரு செய்தி போனது தெரியாது. இருந்தும் அந்தச் செய்தியைப் பற்றி இன்று நாம் பேச முடிகிறதென்றால், அதன் தடயம் விசாரணையாளர்களின் கைக்கு எட்டியதுதான் காரணம்.

1983 ஜூலைக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிட்டவில்லை. 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய தமிழர் மீதான வன்முறை 25ஆம் திகதி வெள்ளவத்தையை எரித்தது. எந்த நிலையத்துக்கு எப்போது முறைப்பாடு போனது, எந்த வண்டி எங்கே நிறுத்திவைக்கப்பட்டது, யார் தலையிட வேண்டாம் என்றார்கள் என்பதையெல்லாம் மணிக்கணக்காகக் காட்டக்கூடிய பதிவு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. உண்மையறியும் ஆணைக்குழு ஒன்று அமைந்ததே 2001இல். அதற்குள் சாட்சிகளில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள், பலர் இறந்தும் போயிருந்தார்கள்.

பிறகு 2007 ஜூன் 7. அதிகாலையில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் பொலிஸார் நுழைந்து, தங்கியிருந்த தமிழரை எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள், வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மருத்துவத்துக்கு வந்தவர்களும், வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர்களும் விடுதிகளில் தங்குவது வழக்கம். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாட, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வருத்தம் பதிவாகிவிட்டது, கட்டளை பதிவாகவில்லை. இத்தனை பொலிஸ் பிரிவுகள் ஒரே இரவில் ஒன்றாக இயங்க வேண்டுமென்றால் ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டிருக்க வேண்டும். அது எழுத்தில் போயிருக்கலாம், வானொலியில் போயிருக்கலாம், தொலைபேசியில் போயிருக்கலாம். எந்த வழியில் போயிருந்தாலும் அந்த நாளின் உண்மையான ஆவணம் அதுதான்.

யார் யாருக்கு எப்போது என்ன சொன்னார்கள் என்ற கேள்விக்குக் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தின் கதையில் ஓரளவு விடை கிடைத்தது, தாமதமாக. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வெளிநாட்டுப் புலனாய்விலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை வந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் இலக்காகலாம் என்று அதில் இருந்தது. 9ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாகப் போனது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் ஒப்பமிட்ட கடிதம் பிரமுகர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பிரிவுகளுக்குப் போனது. 20ஆம் திகதி உயரதிகாரிகளிடையே வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை 8.45 அளவில் குண்டு வெடித்தது. அந்த ஆலயத்தின் பங்குத்தந்தைக்கோ, வாசலில் மெழுகுதிரி விற்றவருக்கோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போன தாய்க்கோ ஒரு சொல் எட்டவில்லை. நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் அன்று இறந்தார்கள்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும். பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. இந்தத் தீர்ப்பு நிற்பதற்குத் திகதியிட்ட கடிதங்களும் நேரம் பதிந்த செய்திகளும் பெரிதும் உதவின. யாருக்கு எப்போது தெரியும் என்பதை நினைவிலிருந்து நிரூபித்திருக்க முடியாது. அத்தோடு, அபாயச் செய்தி அரச வானொலியை விட்டு அதிகாரிகளின் கைபேசிக்கு இடம்பெயர்ந்துவிட்டதையும் நாம் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பும் மறைகுறியாக்கப்பட்டதுதான். அதன் சாவி அதிகாரியின் சட்டைப்பையில் இருக்கிறது, அழிக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது.

பொலிஸாரிடமிருந்தே பொலிஸார் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பர் 31ஆம் திகதி அதிகாலை வெலிகம சாட்சி. கொழும்பிலிருந்து சிவில் உடையில் போன குற்றப்பிரிவுக் குழு வருவது உள்ளூர் நிலையத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் இறந்தார். அந்தச் சம்பவமும் காரணங்களில் ஒன்றாகி, பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலம் நீக்கப்பட்டார்.

பதிவைத் திறந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு அருகிலுள்ள நல்ல உதாரணம் மும்பை. 2008 நவம்பர் 26 இரவு, அந்த நகர் மீதான பயங்கரவாதத் தாக்குதலின்போது, காமா மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் ஹேமந்த் கர்க்கரே, அசோக் காம்தே, விஜய் சலஸ்கர் என்ற மூன்று பொலிஸ் அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். காம்தேயின் மனைவி வினிதா, தன் கணவர் ஏன் அங்கே போனார், உதவி ஏன் போகவில்லை என்று கேட்டார். திருப்தியான பதில் வராததால் இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் பதிவுகளைக் கோரிப் பெற்றார். அவற்றை வரிவரியாக வைத்து 2009இல் ஒரு நூலும் எழுதினார். மேலதிகப் படை கேட்கப்பட்டும் வரவில்லை என்பது அவர் வாதம். உயரதிகாரிகள் மறுத்தார்கள். பதிவுகளின் பிரதிகளில் முரண்பாடு உண்டா என்ற சர்ச்சை மாநிலத் தகவல் ஆணையம் வரை போனது. பூட்டிய நிறுவனத்துக்குள்ளேயே உயர்பதவியில் இருந்தவரின் மனைவிக்கே வேறு வழி இருக்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவருக்குக் கிடைத்ததும் பொலிஸார் தாமே வைத்திருந்து தாமே எடுத்துக்கொடுத்த பிரதிதான்.

நியூயோர்க்கில் இன்னொரு சிக்கல் தீர்ந்தது. 2001 செப்டெம்பர் 11 அன்று பதிவான அவசர அழைப்புகளையும் தீயணைப்பு வானொலியையும் வெளியிடக் கோரி நியூயோர்க் டைம்ஸ் வழக்குத் தொடுத்தது. எரியும் கட்டிடத்திலிருந்து கடைசியாகப் பேசியவர்களின் குரலை ஊருக்குப் போட்டுக்காட்டுவது கொடுமை என்று நகர நிர்வாகம் வாதிட்டது. அது நியாயமான வாதம். 2005 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்தது. அழைத்தவர்களின் துயரம் அவர்களது குடும்பங்களுக்குரியது, அரச ஊழியர்கள் கடமையில் பேசியது பொதுமக்களுக்குரியது. அதன்படி மறு ஆண்டு வெளியான ஒலிநாடாக்களில் அழைத்தவரின் குரல் நீக்கப்பட்டு, பதில் சொன்னவரின் குரல் மட்டும் இருந்தது. உள்ளே இருங்கள், காத்திருங்கள் என்ற அறிவுரை எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது என்பதை நகரம் அப்போதுதான் தன் காதால் கேட்டது.

நேரலையில் கேட்பது பற்றியும் அமெரிக்காவில் பலவித ஏற்பாடுகள் வந்துவிட்டன. சிக்காகோ அரை மணி நேரத் தாமதத்தோடு ஒலியை வெளியே விடுகிறது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ 2021இல் பூட்டியதை அடுத்த ஆண்டே திறந்தது. பெயர், இலக்கம் போன்றவற்றை மட்டும் வேறு வழியில் அனுப்பப் பொலிஸார் பழகிக்கொண்டார்கள். கொலராடோவில் முழுதாகப் பூட்டும் நிறுவனம் ஊடகங்களுக்கு வழி வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது.

கொழும்புக்கு நேரலை முதற்தேவை என்று நான் நினைக்கவில்லை. இனப்பதற்றம் வெடிக்கக்கூடிய நகரில் அரைகுறையாகக் கேட்ட ஒரு வாக்கியம் போதும். நமக்கு வேண்டியது அழிக்க முடியாத பதிவு, பொலிஸாருக்கு வெளியே இன்னொரு கையிலும் இருக்கும் பதிவு. இதற்கு எளிய தொழில்நுட்பம் உண்டு. ஒரு நாளின் முழு ஒலிப்பதிவையும் கணிதச் சூத்திரம் ஒன்றில் செலுத்தினால் குறுகிய எண் முத்திரை ஒன்று கிடைக்கும். பதிவில் ஒரு விநாடியை வெட்டினாலும் முத்திரை மாறிவிடும். முத்திரையிலிருந்து பேச்சை மீட்க முடியாது. அந்த முத்திரையைத் தினந்தோறும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ வைப்பிலிட்டால், இரகசியம் எதுவும் வெளியே போகாது. பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் கேட்கும்போது, கொடுக்கப்பட்ட பதிவு அன்றைய பதிவுதானா என்று சோதிக்கவும் முடியும். மும்பையில் இது இருந்திருந்தால் பிரதிகளைப் பற்றிய சர்ச்சைக்கே இடமிருந்திராது.

சட்ட அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பலரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அதில் தகவல் என்பதற்குள் ஒலிப்பதிவும் அடங்கும். 5ஆம் பிரிவு தேசிய பாதுகாப்பையும் குற்றத்தடுப்பையும் தனிமனித அந்தரங்கத்தையும் காட்டி மறுக்க இடம் தருகிறது. ஆனால் வெளியிடுவதன் பொதுநலன் தீங்கைவிட மேலோங்கினால் மறுக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 6ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. மறுக்கவேண்டிய பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தால் மீதியைக் கொடுத்தாக வேண்டும். நியூயோர்க் நீதிபதிகள் ஒலிநாடாவில் செய்த வேலையைச் செய்ய இங்கே சட்டமே வழி விட்டிருக்கிறது. பதிவை அழிப்பதும் திருத்துவதும் குற்றம். தகவல் அலுவலர் மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது, அதற்கும் மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

முதல் விண்ணப்பத்தில் பேச்சின் உள்ளடக்கத்தைக் கேட்க வேண்டாம் என்பது என் யோசனை. கட்டுப்பாட்டு அறையின் குரல்கள் பதியப்படுகின்றனவா, எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, எந்தச் சுற்றறிக்கையின்படி அழிக்கப்படுகின்றன, அதிகாரிகளின் கைபேசிச் செய்திகளுக்கும் அந்த விதி பொருந்துமா? இவற்றுக்குப் பதில் சொல்வதால் எந்த நடவடிக்கையும் கெடாது. பதில் கையில் இருந்தால் அடுத்ததைத் திகதி குறித்துக் கேட்கலாம். இங்கேதான் 7ஆம் பிரிவு முக்கியமாகிறது. சட்டம் வந்தபின் உருவான பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கொச்சிக்கடையில் அந்த ஞாயிறன்று பேசப்பட்டது பதிவாகியிருந்தால், 2031 ஏப்ரல் வரை அதை அழிக்கச் சட்டம் இடம் தராது. சட்டம் வரும்போது ஏற்கெனவே கையில் இருந்த பதிவுகளுக்குக் கெடு 10 ஆண்டுகள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளைப் பற்றி 2007 ஜூனில் போன கட்டளை ஏதேனும் ஓர் அலுமாரியில் 2017 வரை தப்பியிருந்தால், அதைப் பாதுகாக்கும் கடப்பாடு 2027 பெப்ரவரியோடு தீர்ந்துபோகும். அதைக் கேட்கும் விண்ணப்பம் அதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.